கூர்மையும் சீரோட்டமும்: மெய்நிகர் விளையாட்டில் படம் தெளிவது எப்படி

கணினி விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் உள்ள தெரிவுகளில் பெரும்பாலானவை, கிராபிக்ஸ் கார்டு என்னும் ஒரே கருவியின் உழைப்பை எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கான விடைகளே ஆகும். ஒரு நொடியில் அந்தக் கருவி செய்யக்கூடிய கணக்குக்கு வரம்பு உண்டு. அந்த உழைப்பை ஒவ்வொரு படத்தையும் நுணுக்கமாகத் தீட்டுவதற்கு அளித்தால் நொடிக்குக் கிடைக்கும் படங்களின் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு படத்தின் நுணுக்கமும் குறைகிறது. மேசைமேல் இருக்கும் திரையில் இது நேரடியான பேரம்: ஒருவர் கூர்மையை விரும்பலாம், மற்றொருவர் தடங்கலற்ற சீரோட்டத்தை விரும்பலாம், இரண்டுமே ரசனை சார்ந்த முடிவுகள். தலையில் அணியும் மெய்நிகர்க் கருவியில், அதாவது விளையாடுவோர் ‘விஆர் ஹெட்செட்’ என்று வழங்கும் கருவியில், இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஏனெனில் அங்கே தலை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது, அசையும் தலைக்குள் இருக்கும் கண்ணுக்குச் சீரோட்டம் குறைந்த படம் கூர்மையாகத் தெரிவதே இல்லை. நின்று பார்க்கும்போது கிடைத்த தெளிவு, திரும்பிப் பார்க்கும்போது கலைந்துவிடுகிறது.

கூர்மையை முதலில் அளந்து பார்க்க வேண்டும். இயல்பான பார்வை என்று கண் மருத்துவத்தில் குறிக்கப்படுவது, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும் ஆற்றலாகும். அதை ஈடுகட்ட ஒரு பாகைக்கு 60 பிக்சல்கள், அதாவது படத்தை ஆக்கும் புள்ளிகள், தேவைப்படும். 24 அங்குலத் திரையை அறுபது சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, 1920 பிக்சல் அகலம் கொண்ட படம் பாகைக்கு ஏறத்தாழ 40 பிக்சலாக அமைகிறது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த குவெஸ்ட் 2 தலைக்கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் 1832க்கு 1920 பிக்சல் தருகிறது. எண்ணிக்கை திரைக்கு நிகரானதுதான் என்றாலும், அந்தப் பிக்சல்கள் லென்ஸ் வழியே இருமடங்கு அகலமான பார்வைப் பரப்பில் விரிக்கப்படுவதால் பாகைக்குச் சுமார் 20 மட்டுமே எஞ்சுகிறது. 2023இல் வந்த குவெஸ்ட் 3 அதைச் சுமார் 25ஆக உயர்த்தியது. எந்த அமைப்பை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த எல்லையை மென்பொருள் தாண்ட முடியாது.

இந்த எல்லை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதைச் சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் புறநகர் ரயில் பாதையின் மேலே ஓடும் மின்கம்பியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்திய ரயில்வேயின் மின்பாதைகளில் பரவலாகப் பயன்பட்டுவரும் 107 சதுர மில்லிமீட்டர் வெட்டுப்பரப்புள்ள செப்புக் கம்பி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. நாற்பது மீட்டர் தொலைவில் அது ஒரு கலை அளவுக்குத் தெரியும், அந்த அளவை வெறுங்கண் வானத்தின் பின்னணியில் எளிதாகவே காண்கிறது. பாகைக்கு 20 பிக்சல் தரும் கருவியில் ஒரு பிக்சலின் அகலம் மூன்று கலை. ஆகவே யாரேனும் அம்பத்தூர் ரயில் நிலையத்தை மெய்நிகர் உலகில் அப்படியே எழுப்பினால், அந்தக் கம்பி பிக்சலின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கணினி ஒவ்வொரு பிக்சலின் நடுப்புள்ளியிலும் என்ன இருக்கிறது என்று கேட்டு நிறம் தீர்மானிப்பதால், கம்பி சில பிக்சல்களில் அகப்படும், சிலவற்றில் நழுவும்; தலை ஒரு மயிரிழை அசைந்தாலும் அகப்படுபவையும் நழுவுபவையும் இடம் மாறும். விளைவாக, ஒரே கோடாக இருக்க வேண்டியது துண்டு துண்டாக மின்னிக்கொண்டும் ஊர்ந்துகொண்டும் இருக்கும்.

மாதிரிப் பிழை என்று அழைக்கத்தக்க இந்த மின்னல்தான் மெய்நிகர்ப் படத்தின் கூர்மையைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது. மேசைத் திரையில் விளையாட்டின் கோணம் அசையாதபோது படமும் அசைவதில்லை. தலைக்கருவியிலோ கழுத்தின் இயல்பான நடுக்கமே படத்தை நொடிக்கு 90 முறை மாற்றுகிறது. அதோடு, இரு கண்களுக்கும் இரு வேறு கோணங்களில் படம் தீட்டப்படுவதால், இடக்கண்ணில் தெரியும் கம்பித் துண்டு வலக்கண்ணில் இல்லாமல் போகிறது. ஒன்றோடொன்று பொருந்தாத இரு படங்களை மூளை இணைக்க முடியாமல் மாறி மாறி ஏற்பதும் தள்ளுவதுமாகத் தடுமாறுகிறது, கண்களுக்கு அலுப்பு உண்டாகிறது.

இதற்கு நேர்மையான தீர்வு, தேவையைவிடக் கூடுதலான பிக்சல்களில் படத்தைத் தீட்டிப் பின்னர் சுருக்குவது. லென்ஸ் காரணமாகவும் ஓரளவு மிகுதி கட்டாயமாகிறது: லென்ஸ் படத்தின் ஓரங்களை வெளிப்புறமாக இழுப்பதால், அதை ஈடுசெய்ய மென்பொருள் முன்கூட்டியே படத்தை எதிர்த்திசையில் வளைக்கிறது, அவ்வாறு வளைக்கும்போது நடுப்பகுதி பெரிதாகிக் கூர்மை இழக்காமல் இருக்க, நீளத்திலும் அகலத்திலும் சுமார் 1.4 மடங்கு பெரிய படம் தேவைப்படுகிறது. 2016இல் வந்த எச்டிசி வைவ் கருவியின் திரை ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 பிக்சலே என்றாலும், ஸ்டீம்விஆர் மென்பொருள் 1512க்கு 1680 என்ற அளவில் தீட்டச் சொன்னது இதனால்தான். இரு கண்களுக்கும், நொடிக்கு 90 படங்களுக்குமாகப் பெருக்கினால் நொடிக்கு 45.7 கோடிப் பிக்சல்கள் ஆகின்றன. வழக்கமான 1920க்கு 1080 திரைக்கு 60 படங்கள் என்றால் 12.4 கோடியே போதும். மேசைத் திரையில் விளையாட்டைச் சிரமமின்றி ஓட்டிய கணினி தலைக்கருவியை இணைத்ததும் திணறுவதில் வியப்பில்லை.

இனி சீரோட்டம். திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11.1 மில்லிநொடி, 72 முறை என்றால் 13.9, 120 முறை என்றால் 8.3. இந்த நேரத்துக்குள் படம் முடியாவிட்டால் அது தாமதமாக வருவதோடு நிற்பதில்லை, அந்தச் சுற்றில் வராமலே போகிறது. திரை பழைய படத்தையே மீண்டும் காட்டுகிறது. விளையாடுவோர் ‘ஃபிரேம் டிராப்’ என்றும் ‘லேக்’ என்றும் குறைகூறுவது இத்தகைய இழப்பைத்தான். நொடிக்குச் சராசரியாக எத்தனை படங்கள் என்ற எண் இங்கே ஏமாற்றக்கூடியது: பெரும்பாலான படங்கள் ஒன்பது மில்லிநொடியில் முடிந்து, சில மட்டும் இருபதைத் தொட்டாலும் சராசரி நன்றாகவே இருக்கும், தலையோ அந்தச் சிலவற்றை ஒவ்வொன்றாக உணரும். ஆகையால் ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைக் கோடாக வரைந்து காட்டும் வரைபடமே நம்பத்தக்க சான்று.

கூர்மையும் சீரோட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது கண்ணின் இயக்கத்தால். தலை வலப்புறம் திரும்பும்போது, உட்செவியின் சமநிலை உறுப்பு தரும் குறிப்பைக் கொண்டு கண் அதே வேகத்தில் இடப்புறம் திரும்பிப் பார்வையைப் பொருளின்மீது நிலைநிறுத்துகிறது. ஏறத்தாழ நூறில் ஒரு நொடிக்குள் தொடங்கிவிடும் இந்த அனிச்சைச் செயல் இல்லாவிட்டால், நடந்துகொண்டே கடைப்பலகையைப் படிப்பதுகூட இயலாது. மெய்நிகர்க் கருவியிலும் கண் இதையே செய்கிறது, ஆனால் திரை தலையோடு ஒட்டிக்கொண்டு திரும்புகிறது. நொடிக்கு 100 பாகை வேகத்தில், அதாவது சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கும் வேகத்தில், 11.1 மில்லிநொடி முழுவதும் ஒளிரும் ஒரு பிக்சல், நிலைத்து நிற்கும் கண்ணின் விழித்திரையில் 1.1 பாகை நீளத்துக்கு இழுபடுகிறது. பாகைக்கு 20 பிக்சல் உள்ள கருவியில் அது 22 பிக்சல் அகலத்துக்கான தீற்றல். அந்தத் தருணத்தில் படம் எவ்வளவு நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருந்தாலும் அந்த உழைப்பு கண்ணுக்குச் சேர்வதில்லை.

அப்போது வால்வ் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் அப்ராஷ் 2013இல் இந்தச் சிக்கலை விரிவாக விளக்கினார். பிக்சலை முழு நேரமும் ஒளிரவிடாமல் இரண்டு மில்லிநொடி அளவுக்கு மட்டும் மின்னவிட்டு அணைத்துவிட்டால் தீற்றல் 0.2 பாகையாக, நான்கு பிக்சலாகச் சுருங்கும். 2014இல் வெளிவந்த ஆக்குலஸ் நிறுவனத்தின் இரண்டாம் சோதனைக் கருவி இம்முறையைக் கையாண்டது, இன்றைய தலைக்கருவிகள் இவ்வழியிலேயே இயங்குகின்றன. எனினும் இந்தத் தீர்வு ஒவ்வொரு மின்னலும் புதிய படமாக இருந்தால்தான் பலிக்கும். பழைய படமே இரண்டாம் முறை மின்னினால், கண் ஒரு பொருளை 1.1 பாகை இடைவெளியில் இரண்டாகக் காணும். அதாவது, தீற்றலை ஒழித்த அதே நுட்பம், சீரோட்டம் தவறும்போது இரட்டைப் படத்தைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது.

மெய்நிகர்ப் பொறியியல் மனித உடலிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற இந்தப் பார்வை சென்னைக்குப் புதியதன்று. ஆக்குலஸ் நிறுவனத்தின் தொடக்க காலத் தலைமை அறிவியலாளரான ஸ்டீவன் லவால், 2015இல் சென்னை ஐஐடியில் மெய்நிகர் உலகு பற்றி நடத்திய பாடத்தொடர் என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாக எவரும் இலவசமாகக் காணும்படி வெளியிடப்பட்டது. லென்ஸும் கணினி வரைகலையும் அதில் எவ்வளவு இடம் பெற்றனவோ, விழித்திரையும் கண்ணசைவும் உட்செவியும் ஏறக்குறைய அவ்வளவு இடம் பெற்றன. அமைப்புகளை மாற்றிப் பார்க்கும் எந்தப் பட்டியலைக் காட்டிலும் அந்தப் பாடங்கள் ஒரு விளையாட்டாளருக்குப் பயன்படும் என்பது மிகையன்று.

சீரோட்டம் குலைவதால் வருவது கண்ணுக்கு மட்டுமான தொல்லையன்று. கண் ‘அசைகிறேன்’ என்று சொல்ல உட்செவி ‘அசையவில்லை’ என்று மறுக்கும்போது தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றுகின்றன. ஹெலிகாப்டர் ஓட்டப் பயிற்றுவிக்கும் போலிக்கூடத்தில் இத்தகைய உபாதை 1957லேயே பதிவாகியது. அதை அளப்பதற்கு ராபர்ட் கென்னடியும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் வெளியிட்ட வினாப்பட்டியல் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. தலை திரும்பியதற்கும் அதற்கேற்ற ஒளி கண்ணை எட்டுவதற்கும் இடையிலான தாமதம் 20 மில்லிநொடியைத் தாண்டக்கூடாது என்பது துறையில் நெடுநாளாக வழங்கும் அளவுகோல். மங்கலான படத்தைப் பார்த்துக் குமட்டல் கண்டவர் அரிது. தடுமாறும் படத்தைப் பார்த்துக் கருவியைக் கழற்றியவர் மிகப் பலர். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலையில் கூர்மையையே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

கணினி தவறவிடும் படங்களை மென்பொருள் இட்டு நிரப்பும் முறைகளும் உண்டு. கடைசியாகத் தீட்டிய படத்தைத் தலையின் புதிய கோணத்துக்கேற்பத் திருப்பி மீண்டும் காட்டுவது முதல் வகை. முந்தைய இரு படங்களை ஒப்பிட்டுப் பொருள்கள் எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகித்து இடைப்படம் ஒன்றைப் புனைவது அடுத்த வகை. ஆக்குலஸ் இரண்டாம் வகையை 2016இலும், வால்வ் 2018இலும் கணினிகளுக்குக் கொண்டுவந்தன. இவை இயங்கும்போது விளையாட்டு நொடிக்கு 45 படங்களை மட்டும் தீட்ட, கண்ணுக்கு 90 காட்டப்படுகின்றன. தூரத்து மலையும் நிற்கும் கட்டடமும் இதில் நன்றாகவே தெரியும். ஆனால் கையில் பிடித்த வாளின் ஓரமும், விரைந்து கடக்கும் வண்டியின் விளிம்பும், அவற்றின் பின்னே மறைந்திருந்து வெளிப்படும் பின்னணியும் நீரில் அலைவதுபோல் நெளியும், ஏனெனில் முந்தைய படங்களில் இல்லாத ஒன்றை எந்த ஊகமும் சரியாக வரைய முடியாது. தற்செயலாகத் தவறும் ஓரிரு படங்களுக்கு இவை நல்ல காப்பு. நிரந்தரமாக இவற்றின்மேல் சாய்ந்து கூர்மையை உயர்த்துவது, சில விளையாட்டுகளில் மட்டுமே ஏற்கத்தக்கது.

விமானம் ஓட்டும் விளையாட்டு அவற்றுள் ஒன்று. 2020 டிசம்பரில் மெய்நிகர் வசதி பெற்ற மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானி அமர்ந்த இடத்திலேயே இருக்கிறார், வெளிக்காட்சி மெதுவாக நகர்கிறது, கருவிப்பலகையின் சிறிய எண்களைப் படிக்க முடியாவிட்டால் ஆட்டமே நடவாது. அங்கே 45 படங்களோடு உயர்ந்த கூர்மை அறிவார்ந்த தேர்வாகும். இசைக்கேற்பக் கட்டைகளை வெட்டும் பீட் சேபரில் நிலைமை நேர் எதிரானது.

கூர்மைக்கு ஒதுக்கிய உழைப்பை எங்கே செலவிடுவது என்பதிலும் தவறுகள் மலிந்துள்ளன. படத்தை மேலும் கூர்மையாக்குவதாகச் சொல்லும் வடிகட்டிகள் புதிய நுணுக்கம் எதையும் சேர்ப்பதில்லை. விளிம்புகளில் இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை மிகைப்படுத்துவதே அவற்றின் வேலை. ஏற்கெனவே மென்மையான படத்தில் அது சிறிதளவு உதவும். மின்னிக்கொண்டிருக்கும் மின்கம்பியில் அது மின்னலைத்தான் கூர்மையாக்கும். எனவே விளிம்புகளைத் திருத்தும் அமைப்பு முதலில் வர வேண்டும். அவற்றுள் எம்எஸ்ஏஏ எனப்படும் முறை, பொருளின் விளிம்பு கடக்கும் பிக்சலில் மட்டும் நான்கு அல்லது எட்டு இடங்களில் சோதித்து நிறத்தைக் கலக்கிறது. டிஏஏ எனப்படும் முறை, முந்தைய படங்களின் தகவலையும் சேர்த்துக் கலக்கிறது. இரண்டாவது முறை மேசைத் திரையில் சிறப்பாக இருந்தாலும், தலை ஓயாமல் அசையும் சூழலில் பழைய தகவல் புதிய இடத்தோடு முழுதும் பொருந்தாமல் படத்தின்மேல் மெல்லிய திரை போர்த்தியதுபோன்ற மங்கலைத் தருகிறது. வால்வ் நிறுவனத்தின் அலெக்ஸ் வ்லாகோஸ் 2015இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆற்றிய உரையில் மெய்நிகர் விளையாட்டுக்கு எம்எஸ்ஏஏ முறையை வலியுறுத்தினார். பத்தாண்டு கடந்தும், அந்த வாய்ப்பு தரப்பட்டுள்ள விளையாட்டுகளில் அந்த அறிவுரை செல்லுபடியாகிறது. அதற்கான விலையை நிழலின் தரம், தொலைதூரப் புல்பூண்டு, பளபளக்கும் தரையின் பிரதிபலிப்பு ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சுமைக்கேற்பத் தீட்டும் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் முறையே எல்லாவற்றிலும் நேர்த்தியானது. வால்வ் 2016இல் வெளியிட்ட ‘தி லேப்’ விளையாட்டில் இது செயல்பட்டது, 2020இன் ‘ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்’ இதே வழியில் சென்றது. படநேரம் எல்லையை நெருங்கும்போது பிக்சல்கள் சற்றுக் குறைகின்றன, ஓய்வு கிடைத்ததும் திரும்புகின்றன. சீரோட்டம் ஒருபோதும் பேரத்துக்கு வைக்கப்படுவதில்லை. விழித்திரையின் நடுக்குழி ஏறத்தாழ இரண்டு பாகைப் பரப்பில் மட்டுமே முழு நுணுக்கம் காண்பதால், கண் நோக்கும் இடத்தை மட்டும் நுணுக்கமாகத் தீட்டும் முறையும் 2023இல் பிளேஸ்டேஷன் விஆர்2 வழியாக வீடுகளை எட்டியுள்ளது. கண்ணைப் பின்தொடரும் கேமரா இல்லாத மலிவான கருவிகளில், திரையின் ஓரங்களை நிலையாகக் குறைத்துத் தீட்டும் எளிய வடிவமே கிடைக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகர்களில் இவற்றைப் பொருத்திப் பார்ப்போர் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. தலைக்கருவியின் வெளிக் கேமராக்கள் அறையைப் படமெடுத்தே தலையின் இடத்தை அறிகின்றன. இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட்டுகளும் தரம் குறைந்த எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. குவெஸ்ட் கருவியின் தடம்பற்றும் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே நீங்கிவிடக்கூடிய நடுக்கம், கிராபிக்ஸ் கார்டின் குறையாக எண்ணப்பட்டு வீண் செலவுக்கு இட்டுச்செல்லக்கூடும். கம்பியில்லாமல் கணினியோடு இணைப்பவர், நெருக்கமான அடுக்ககங்களில் ரவுட்டரை விளையாடும் அறையிலேயே வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்த வேண்டும்.

வெப்பம் இவை அனைத்திலும் பெரியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், கோடையில் கடற்காற்று மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் தொட்ட பிறகே இங்கே வந்து சேர்கிறது. மொட்டைமாடிக்கு நேர்கீழ் உள்ள அறைகளில் பகலில் சூடேறிய கான்கிரீட் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உமிழ்கிறது. கிராபிக்ஸ் கார்டு 83 பாகை செல்சியஸில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது என்று கொள்வோம். மார்கழியில் அறை 25 பாகை என்றால், வெப்பத்தை வெளியேற்ற 58 பாகை வேறுபாடு கிடைக்கிறது. கத்திரி வெயிலில் அறை 37 பாகை என்றால் 46 மட்டுமே. வெளியேறும் வெப்பம் இந்த வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதால், அதே விசிறி வேகத்தில் கார்டு செலவிடக்கூடிய மின்திறன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. வேகம் அந்த அளவுக்குக் குறையாது என்றாலும், 10.8 மில்லிநொடியில் முடிந்த படம் 11.5 ஆகிவிட்டால் போதும், 90 படங்கள் ஒரே தாவலில் 45 ஆகச் சரிந்துவிடும். செயலியும் மின்கலமும் முகத்திலேயே அமைந்த, கணினி தேவைப்படாத கருவிகளில் இந்த நெருக்கடி இன்னும் கூடுதல்.

ஆகவே கருவியை இயக்கிய முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் எண்களைக் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. அரை மணி நேரம் ஆடி, விளையாட்டின் மிக நெரிசலான காட்சியில் நின்று படநேரத்தைப் பார்க்க வேண்டும், அப்போதும் 11.1 மில்லிநொடியில் ஒரு மில்லிநொடியாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கோடை முடியும்வரை தீட்டும் பிக்சல்களை 20 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் குறைப்பு நீளத்திலும் அகலத்திலும் பகிரப்படுவதால் ஒவ்வொரு திசையிலும் இழப்பு சுமார் 10 சதவீதம்தான்: பாகைக்கு 20 என்றிருந்தது 18 ஆகும். அசையாமல் நின்று உற்றுப் பார்த்தால் மட்டுமே அந்த இரண்டு பிக்சல்களின் குறை தெரியும். அவற்றை விட மறுத்துப் படங்களைத் தவறவிட்டாலோ, தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கண் முன்னே 22 பிக்சல் விலகிய இரட்டை உருவம் நிற்கும்.